சட்டித்தலையனுக்கு மூணு உசுரு

மணி சலூனில் அன்றைக்கு இருந்தவர்கள்: மணி, கத்தரியோடு. ஒரு சின்னப் பையன், நாற்காலிக் கைப்பிடிகளுக்குக் குறுக்கே போட்ட பலகை மேல். அவன் அப்பா, பையன் தலை ஆடாமல் பிடிக்க. பேப்பரை மூஞ்சி மேல் போட்டுத் தூங்கிய ஒரு பெரியவர். காத்திருந்த நான். அம்புட்டுதான்.

பையன் அழுதான். அப்பா போனை எடுத்து அவன் கையில் திணித்தார். போனிலிருந்து ஒரு மெட்டு வந்தது. வார்த்தை கிடையாது. கிண்ணத்தில் கரண்டியால் தட்டுகிற மாதிரி ஓடும், நடுவில் ஒரு தாவு தாவும். அந்தத் தாவலுக்கு என் வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. டிவி கேமில் குதிக்கிற பட்டன் அந்த விரலுக்குத்தான்.

எட்டிப் பார்த்தேன். சட்டித்தலையன். பழைய கார்ட்டூனை யாரோ முழுசாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பையன் அழுகையை நிறுத்திவிட்டான். நான் முடி வெட்டாமலே எழுந்து வெளியே வந்துவிட்டேன். மணிக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணே, அடுத்து நீங்கதாண்ணே" என்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. ஏன் வந்தேன் என்று அவனிடம் சொல்ல நேரமாகும். உங்களிடம் சொல்கிறேன்.

செல்லூரில் ஒரு சந்தில் நான் டிவி கேம் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ரூம். ரெண்டு பழைய டிவி, ரெண்டு கேம் பெட்டி, கோரைப்பாய், ஒரு டேபிள் பேன். பேன் என் பக்கம் திரும்பியிருக்கும். பிள்ளைகளுக்கு வேர்க்காது என்று அப்போது நம்பினேன்.

அதற்கு முன்னால் சாயப்பட்டறையில் இருந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்குச் செல்லூரில் சுலபமாகக் கிடைத்த வேலை அது. நூலைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். கை முழங்கை வரைக்கும் ஒரு நாள் சிவப்பு, மறுநாள் பச்சை. தோல் வெடித்துவிடும். ரசம் சோறு பிசைந்தால் எரிச்சல் தாங்காது. தயிர் சோறாகவே தின்று நாள் ஓட்டினேன். ஒரு தடவை கரண்டியில் சாப்பிட்டேன். "என்ன மாப்ள, கலெக்டர் ஆயிட்டியா?" என்றார்கள். மறுநாளிலிருந்து கரண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அந்தப் பட்டறைக்குத் திரும்பக் கூடாது. கடை போட்டதற்கு அது ஒன்றுதான் காரணம். கடை போனால் நான் போக வேண்டிய இடமும் அது ஒன்றுதான்.

இப்போதும் இஸ்திரி வண்டியைக் கடந்து போனால் அந்த ரூம் ஞாபகம் வரும். கஞ்சி வாசனைதான். நூலுக்குப் போடுகிற கஞ்சி. அதோடு சூடேறிய அடாப்டர் வாசனையும் சேர வேண்டும். இஸ்திரி வண்டியில் பாதிதான் இருக்கிறது.

ரூம் சேது அண்ணன் வீட்டோடு சேர்ந்தது. சௌராஷ்டிரா ஆள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தறிக்கூடம். பவர்லூம். காலையில் ஆரம்பித்தால் தடக் தடக் என்று சுவர் ஆடும். அவர் மனைவி சாரதாக்கா கூடத்து வாசலில் உட்கார்ந்து தார் சுற்றுவார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூல் சுற்றுவது. தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். அதனால் அக்கா எழுந்திருக்கவே மாட்டார். பக்கத்தில் சின்ன டிவி ஓடிக்கொண்டிருக்கும். மகன் கிரி மூன்றாவது படித்தான். வீட்டில் அவர்கள் பாஷை. எனக்கு அதில் திட்டு மட்டும் புரியும். கிரிக்கு விழுந்ததைக் கேட்டுக் கேட்டுப் பழகியது.

தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று டிவியில் முழுச் சத்தம் வைப்போம். பிள்ளைகளும் கத்தித்தான் பேசுவார்கள். அந்தச் சந்தில் வளர்ந்தவர்கள் இன்றைக்கும் போனில் கத்துவார்கள். காதில் குறை இல்லை. பழக்கம்.

கேம் பெட்டியில் நிறைய கேசட் போட்டுப் பார்த்தேன். நின்றது ஒன்றுதான். ஒரு குட்டி ஆள், தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி இரும்புத் தொப்பி. ஓடுவான், குதிப்பான், வெள்ளையாக உருண்டையாக எதையோ பொறுக்குவான். அவனுக்கு ஒரு பேர் இருந்தது, இங்கிலீசில். எங்கள் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பாண்டி என்று ஒரு பையன், வாய்த்துடுக்கு. அவன்தான் சட்டித்தலையன் என்று வைத்தான். வெள்ளை உருண்டை இட்லி ஆனது. எதிரே வருகிற பெரிய மீசைக்காரன் முதலாளி ஆனான். ஏன் முதலாளி என்று நான் கேட்டேன். "எப்பப் பாத்தாலும் வெரட்டுறான்லண்ணே" என்றான் பாண்டி.

ஒரு ரூபாய்க்கு மூணு உசுரு. நேரக் கணக்கு நான் வைக்கவில்லை. கெட்டிக்காரன் அரை மணி ஓட்டுவான், புதுசாக வந்தவன் இருமி முடிப்பதற்குள் மூன்றையும் விட்டுவிடுவான். அவன் பாடு. ஆனால் பிள்ளைகள் அதிலேயே ஒரு வழக்கம் கண்டுபிடித்தார்கள். பாதியில் வீட்டிலிருந்து கூப்பிட்டால் மீதி உசுரை இன்னொருத்தனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள்.

"டேய், டியூசன் போறேன். என் ஒத்த உசுர வச்சிரு."

"வச்சிருக்கேன், போ."

மறுநாள் வந்து கேட்டால் கொடுத்துவிடுவான். அவனுடைய மூன்றில் ஒன்று இவனுக்கு. ஒருத்தனும் இல்லை என்று சொன்னது கிடையாது. அம்மை போட்டு ரொம்ப நாள் படுத்திருந்த ஒரு பிள்ளையின் உசுரை நாலு கை மாற்றி வைத்திருந்து கொடுத்தார்கள். எழுந்து வந்ததும் அந்தப் பிள்ளை அதை முதல் குழியிலேயே விட்டுவிட்டது. அது வேறு.

கடைசிக் கட்டத்தில் ஒரு கூண்டு. உள்ளே யாரோ நிற்பார்கள். கருப்பாக, நிழல் மாதிரி. சட்டித்தலையன் சாவியோடு போய்க் கூண்டைத் தொட்டதும் படம் பச்சையாகிவிடும். மறுபடி முதல் கட்டம். கேசட் டூப்ளிகேட். நான் வாங்கியதெல்லாம் டூப்ளிகேட்தான், ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று இன்றுவரை பார்த்ததில்லை. அதனால் கூண்டுக்குள் யார் என்று எவனுக்கும் தெரியாது. அண்ணன் என்பார்கள். அப்பா என்பார்கள். முதலாளியோட முதலாளி என்றான் பாண்டி.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் கிரி மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அண்ணே, சட்டித்தலையன் டிவில வாரான்ணே! தமிழ் பேசுறான்ணே!"

உண்மைதான். அந்த கேமை வைத்து கார்ட்டூன் எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சேனலில், தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு. நம்ம ஆள் டிவியில் வந்துவிட்டான் என்று எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமை மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் கடையில் நானும் பேனும் மட்டும் இருந்தோம். சந்து முழுக்க வீட்டு வீட்டுக்குச் சட்டித்தலையன் சும்மாவே ஓடுகிறான். ரூபாய் கொடுத்து எவன் வருவான்?

கேபிள்காரரைப் பிடித்து ஒரு டிவிக்கு லைன் இழுத்தேன். கார்ட்டூனைக் கடையிலேயே போட்டேன். வந்தார்கள், பார்த்தார்கள், எழுந்து டியூசனுக்குப் போனார்கள். பாயைச் சுருட்டியது நான்.

சேது அண்ணன் வந்து வாசலில் நின்றார். வாயில் வெற்றிலை. பிறகு துப்பிவிட்டு வந்தார்.

"தம்பி, ரூம் சும்மா கெடக்கு. மாசி முடியட்டும். கூட்டம் வரலேன்னா விட்ருங்க. ரெண்டு தறி போடணும்."

"சரிண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்கு ராத்திரி ரசம் சோறு தின்றேன். கை எரியவில்லை. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையைக் காப்பாற்றியது சாமியும் இல்லை, நானும் இல்லை. ஒரு சண்டை.

ஒரு வெள்ளிக்கிழமை சட்டித்தலையன் நெருப்புக் குழியில் விழுந்தான். கத்திக்கொண்டே விழுந்தான். 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். சாரதாக்கா கையிலிருந்த தாரை விட்டுவிட்டாராம். "அய்யய்யோ, செத்துட்டானாடா?" என்று கேட்டிருக்கிறார். கிரி முறுக்கைக் கடித்துக்கொண்டே அவர்கள் பாஷையில் பதில் சொல்லியிருக்கிறான். அக்கா எனக்கு அதைத் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"ஒண்ணுதாம்மா போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு."

சந்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். பெரியவர்கள் பதற, அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் அன்றைக்கு அழுதிருக்கும். எங்கள் பிள்ளைகள் கேமில் அவனை ஆயிரம் தடவை கொன்றவர்கள்.

திங்கள்கிழமை பார்த்தால் ஆள் சாகவில்லை. குழிச் சுவரில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறான். அங்கேதான் வம்பு. பாண்டி என் கடைச் சுவரில் கரிக்கட்டையால் கணக்கு வைத்திருந்தான். டிவியில் போன உசுருக்கு ஒரு கோடு.

"கோட்ட அழிடா. வேரப் புடிச்சுட்டான்ல, உசுரு போகல" என்றான் கிரி.

"விழுந்தா விழுந்ததுதான். அழிக்க முடியாது."

"நீ விழுந்து பாரு, தெரியும்."

"வாடா, ஒன்னத் தள்ளி விடுறேன், நீ வேரப் புடி."

சட்டையைப் பிடித்துவிட்டார்கள். சந்து ரெண்டாகப் பிரிந்தது. உசுரு போச்சு கட்சி, உசுரு போகல கட்சி. கடைசியில் என்னிடம் வந்தார்கள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. போச்சா, போகலையா?"

எனக்கு என்ன தெரியும்? "கேசட்டப் போடு" என்றேன். கேமில் அதே குழி நாலாம் கட்டத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு தீற்றல் தெரியும். டிவி அழுக்கு என்று நினைத்து நான் பல தடவை துணியால் துடைத்திருக்கிறேன். எச்சில் தொட்டும் துடைத்தேன். போகாது. டிவி பழசு என்று விட்டுவிட்டேன். கிரி அந்த இடத்தில் விழும்போது மேல் பட்டனை அழுத்தினான். சட்டித்தலையன் தொங்கினான்.

அது அழுக்கு இல்லை. வேர்.

அன்றைக்குப் போட்ட கூச்சலில் தறிச் சத்தம் அமுங்கியது. சேது அண்ணன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். வேரைப் பிடித்து ஆடினால் கீழே ஒரு வழி. வழி முழுக்க இட்லி. அம்புட்டு நாள் அதற்கு மேலேயே குதித்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதன் பிறகு கேட்கவா வேண்டும்? ஐந்தரைக்கு கார்ட்டூன். முடிந்ததும் வாசலில் செருப்பு மலை. டிவியில் அவன் என்ன செய்தானோ அதைக் கேமில் செய்து பார்க்க வேண்டும். பாதி பலிக்கும், பாதி பலிக்காது. டிவியில் ஒரு நாள் மாம்பழம் தின்று பறந்தான். கேமில் மாம்பழமே கிடையாது. ரெண்டு நாள் தேடினார்கள். நான் சொல்லவில்லை. தேடட்டும் என்று இருந்தேன். வியாபாரம்.

கிரியைக் கூப்பிட வந்த சாரதாக்கா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் உள்ளே வந்து பார்த்தார். அதற்கு மறுநாள் கிரி கையிலிருந்து கேம் ரிமோட்டைப் பிடுங்கினார்.

"அங்க இல்லடா, முன்னாடியே குதிக்கணும். இப்பிடி."

முதல் நாளே மூன்றாம் கட்டம் தாண்டினார். நூல் அறுகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்த கண். சிமிட்டவே மாட்டார். பிள்ளைகள் மாதிரி உடம்பை வளைத்து ஆடுவதும் கிடையாது. முதுகு நேராக உட்கார்ந்திருப்பார், விரல் மட்டும் ஓடும். பாண்டி அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தான், பைலட் அக்கா என்று. அவர் வந்தால் பாயில் இடம் விட்டார்கள். ஒரு தடவை பேனைக்கூட அவர் பக்கம் திருப்பினேன்.

ஆனால் தார் சுற்ற ஆள் இல்லை. ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சேது அண்ணன் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"தறிக்குத் தார் இல்ல. இங்க என்ன பண்ற?"

"இருங்க, ஒத்த உசுருதான் இருக்கு" என்றார் அக்கா, திரும்பாமலே.

பாயிலிருந்த அத்தனை பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, கூட்டம் இல்லேன்னு ரூமக் கேட்டேன். இப்பக் கூட்டம் இருக்குன்னு கேக்குறேன். காலி பண்ணுங்க."

அக்கா ரிமோட்டைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"இந்த ரூம் எங்க அப்பா எனக்குக் குடுத்தது."

அவர்கள் பாஷையில் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் புரிகிற தமிழில் சொன்னார். அதுதான் அண்ணனைத் தைத்தது. டிவியில் சட்டித்தலையன் நின்ற இடத்தில் நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப எப்பத்தான் காலி பண்றதாம்?" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

அக்கா யோசித்தார். "கூண்டுக்குள்ள யாருன்னு தெரியட்டும். தெரிஞ்ச அன்னைக்குத் தறி போட்டுக்கங்க. நானே தார் சுத்துறேன். அதுவரைக்கும் காலைல சுத்தி வச்சிட்டுத்தான் இங்க வருவேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

கேசட் கூண்டைத் திறக்காது என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கடை நிலைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் டிவி திறக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை.

பங்குனியில் சேனல்காரன் விளம்பரம் போட ஆரம்பித்தான். சட்டித்தலையன் கடைசிப் பகுதி. கூண்டின் ரகசியம். வரும் வெள்ளி மாலை ஐந்தரை மணிக்கு. ஒரு மணிக்கு நாலு தடவை சொன்னான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எல்லாப் பக்கமும் சாயப்பட்டறையில்தான் போய் நின்றது.

சேது அண்ணனும் விளம்பரம் பார்த்தார். புதன்கிழமை அளவு டேப்போடு வந்து, தறிக்கால் எங்கே வரும் என்று தரையில் சாக்பீஸால் குறி போட்டார். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே போட்டார்.

"மாமா, காலத் தூக்கவா?" என்றான் பாண்டி.

"தூக்குடா. வெள்ளிக்கெழமைக்கு அப்பறம் மொத்தமாத் தூக்கிரு."

வெள்ளிக்கிழமை ரூமில் மூச்சுவிட இடமில்லை. பாயில், பாய்க்கு வெளியில், ஜன்னலில், வாசலில். சேது அண்ணனுக்கு ஸ்டூல் போட்டேன். தோளில் டேப் தொங்கியது. ஐந்தரை. அந்த மெட்டு வந்தது. எல்லாருக்கும் பார்க்கவும் ஆசை, பார்க்காமல் இருக்கவும் ஆசை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கடை போகப் போகிறவன், உள்ளே யார் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

விளம்பர இடைவேளையில் சாரதாக்கா எழுந்தார். "குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வாரேன்" என்று குடத்தோடு போனார்.

முதலாளி தோற்றான். சட்டித்தலையன் சாவியை எடுத்தான். கூண்டுக்கிட்டே போனான். சாவியைப் போட்டான். திருகினான்.

டிவி அணைந்தது. பேன் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகளும் நின்றன.

ஜன்னலையும் வாசலையும் ஆள் அடைத்திருந்ததால் ரூம் இருட்டு. ஒருத்தரும் அசையவில்லை. அப்போதுதான் கேட்டது. தடக் தடக். தூரத்தில், லேசாக. அடுத்த சந்தில் தறி ஓடுகிறது. அதற்கு அடுத்த சந்திலும் ஓடுகிறது. செல்லூரில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரண்ட் போனால் எல்லாச் சந்தும் அமைதியாகும். எங்கள் பக்கம் மட்டும் நின்றிருக்கிறது என்றால், தறிக்கூடத்து மெயினை யாரோ அமர்த்தியிருக்கிறார்கள். என் ரூமுக்கும் அதே மெயின்தான்.

"பக்கத்துச் சந்துல தறி ஓடுது" என்றார் சேது அண்ணன், மெதுவாக.

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. மெயின் அவருக்குப் பத்தடி தூரம். எழுந்து போய் ஒரு தட்டுத் தட்டினால் டிவி வந்துவிடும். கூண்டு திறக்க எம்புட்டு நேரம் ஆகும்? அவர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அடுத்த சந்துத் தறியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாரதாக்கா குடத்தோடு திரும்பி வந்தார். குடம் காலி.

"தண்ணி எங்க?" என்றார் அண்ணன்.

"வரல" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் மறு ஒளிபரப்பு இருந்தது. அந்த நேரத்துக்குச் சந்தில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் சொல்லி வைக்கவில்லை. பிள்ளைகள் தெருவில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். அக்கா வீட்டு டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியை உருவி முந்தானையில் முடிந்திருந்தார். அவர்கள் டிவியில் பட்டன் எப்போதோ உடைந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பசுமலையிலிருந்து சேது அண்ணனின் தங்கை மகள் வந்தாள். மீரா. இங்கிலீஸ் பள்ளிக்கூடம், ஆறாவது. பசுமலையில் யார் மெயினை அமர்த்துவார்கள்? அவள் பார்த்திருப்பாள். உள்ளே வந்ததும் "டேய் கிரி, லாஸ்ட் எபிசோடுல..." என்று ஆரம்பித்தாள். கிரி காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். பாண்டியும் கத்தினான். அந்தப் பிள்ளை பயந்துபோனது.

சேது அண்ணன் வந்தார். தோளில் டேப் இருந்தது. எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னார். மீரா முன்னால் குனிந்தார்.

"நீ பாத்தியாம்மா? கூண்டுக்குள்ள யாரு? மாமாட்டச் சொல்லு."

அவள் கிரியைப் பார்த்தாள். பாண்டியைப் பார்த்தாள். வாசலில் நின்ற சாரதாக்காவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என்னை முன்பின் தெரியாது. தரையில் இருந்த சாக்பீஸ் குறியைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை.

"தூங்கிட்டேன் மாமா."

"சாயங்காலம் ஆறு மணிக்கா?"

"ஆமா மாமா."

"சாவி போடுற வரைக்கும் முழிச்சிருந்தியா?"

"சாவியா? அப்பிடி ஒண்ணு இருக்கா மாமா?"

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெற்றிலைப் பல் அத்தனையும் தெரிந்தது. "ஒங்க ஆத்தா மாதிரியே பொய் சொல்ற" என்றார். நிமிர்ந்து, தரையில் இருந்த குறியைக் காலால் தேய்த்தார். ஒன்று விடாமல் தேய்த்தார். தேய்த்துவிட்டு என்னிடம், "தம்பி, அந்தப் பேனக் கொஞ்சம் பிள்ளைக பக்கம் திருப்பி வைங்க" என்றார்.

கடை அதன் பிறகும் பல வருஷம் ஓடியது. அதை யாரும் மூடவில்லை. போன் வந்தது, பிள்ளைகள் தனித்தனியாகக் குனிந்துகொண்டார்கள். கேம் பெட்டி கெட்டால் பார்க்க ஆள் இல்லாமல் போனது. ஒரு நாள் நானே சாவியைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சிருச்சா?" என்றார். "இல்லண்ணே" என்றேன். தறி போட்டார். நான் லோடு ஆட்டோ வாங்கினேன். கை நன்றாக இருக்கிறது. எல்லாச் சோறும் சாப்பிடுகிறேன்.

இப்போது உசுரைக் கொடுத்து வைக்க ஆள் கிடையாது. போனில் விளையாடினால் உசுரு தீரத் தீர அதுவே தருகிறது, விளம்பரம் பார்த்தால் இன்னும் தருகிறது. ஒரு கேம் வந்தால் அன்றைக்கே அதன் முடிவும் வந்துவிடுகிறது. தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். கூண்டுக்குள் யார் என்று எந்தப் போனில் தட்டினாலும் சொல்லிவிடும். சலூனில்கூடச் சொல்லிவிடும்.

கடைப் பிள்ளைகளை எங்கே பார்த்தாலும் நான் ஒன்றைத்தான் கேட்பேன். "பாத்தியா?" முன்பெல்லாம் "பாக்கலண்ணே" என்பார்கள். பிறகு ஒவ்வொருத்தராக விழுந்தார்கள். பாண்டி துபாயில் வேலைக்குப் போன முதல் வாரமே பார்த்துவிட்டான். ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்றான். கிரி பெங்களூரில் இருக்கிறான். போன வருஷம் போன் செய்தான்.

"அண்ணே, ரூம் மேட் போட்டுட்டான்ணே. கண்ண மூடிட்டேன். காத மூட மறந்துட்டேன்."

"சரி விடு."

"யாருன்னு சொல்லவாண்ணே?"

"போன வை."

மீரா இப்போது டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எப்போது பார்த்துக் கேட்டாலும் தூங்கிவிட்டேன் என்றுதான் சொல்கிறாள். சேது அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. சாரதாக்கா பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். போன மாதம் பார்த்தபோது அவரும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். அன்றைக்கு இருட்டில் இருந்தவர்களில் இன்னும் தெரியாதவர்கள், எங்களையும் சேர்த்து, எத்தனை பேர் என்று. விரல் விட்டு அவர் எண்ணினார், நான் சரி பார்த்தேன்.

நாலு பேர்.